நல்ல நேரத்தில் ஒரு டேட்டாபேஸ்

போன மாதம் ஒரு புதன்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளையை டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். டேட்டாபேஸ் உருவாகிவிடும்.

ஒரே ஒரு வரி!

அந்த ஒரு வரிக்கு ஒரு தேங்காய், இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு பொன்னாடை, பன்னிரண்டடி ஃபிளெக்ஸ், இருநூறு விவசாயிகள், என் குழந்தையின் துண்டு இத்தனையும் தேவைப்படும் என்று காலேஜில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. கான்வென்டில் பன்னிரண்டு வருடம் படித்தவள். யாராவது குரலை உயர்த்தினால் ஸ்கேல் அடி வாங்க என் கை தானாக நீளும். இப்போது பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை வேறு. பட்டு என்று கூப்பிடுகிறோம். அவள் தும்மினால் பயம். ரொம்ப நேரம் தும்மாவிட்டால் அதைவிடப் பயம். இதைக்கூட அவள் தூங்கிய பிறகு, போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு விரலை அவள் மூக்கடியில் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, மறு கை விரலால் டைப் செய்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அவள் மூச்சுதான் காரணம்.

எனக்கு வேலை கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னச் சங்கத்தில். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் போடுகிறவர்களுக்கு விதை கொடுக்கிற சங்கம். பெயர் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. அது எப்படி இன்னும் இருக்கிறது என்பதுதான் கதை.

பிரசவ லீவு முடிந்து திரும்பிப் போனபோதே சொல்லிவிட்டார்கள். "ஆறு மாசம் பாப்போம்மா. சரியா வந்தா இருக்கலாம்." அன்றிலிருந்து காலண்டரைப் பார்த்தாலே மிச்ச நாளை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

சங்கத்தில் மலைக்காரர்கள் பெயரெல்லாம் பதினோரு நீள நோட்டில் இருந்தது. ஒருவர் பெயரைத் தேடி எடுப்பதற்குள் அவர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். அதனால் டேட்டாபேஸ். நான் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன். உறுப்பினர் ஒரு கட்டம், நிலம் ஒரு கட்டம், விதை ஒரு கட்டம். யாருக்கு எந்த நிலம், எந்த நிலத்துக்கு எந்த விதை என்று கோடு இழுத்தேன். எதை எதை வைக்கப் போகிறோம், எது எதோடு சேரும் என்பது மட்டும்தான் இந்தத் தாளில் இருக்கும். கம்ப்யூட்டருக்குள் இன்னும் ஒன்றும் கிடையாது. பிறகு கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தால், மெஷின் இதற்கென்று நிஜமாகவே டிஸ்க்கில் இடம் ஒதுக்கிக் கட்டிக்கொடுக்கும்.

தாளை எங்கள் தலைவர் ஐயாவிடம் நீட்டினேன். தலைவர் ஐயாவுக்குக் களமருதூர் பக்கம் நெல் வயல். தங்கமான மனிதர். பெரிய மீசை. சட்டைப் பாக்கெட்டில் அன்றைய காலண்டர் தாள் எப்போதும் இருக்கும். அதில் நல்ல நேரம் பார்க்காமல் மாத்திரைகூடப் போட மாட்டார்.

"இன்னாம்மா இது, கட்டம் கட்டமா? யாரு ஜாதகம்?"

"ஜாதகம் இல்லைங்க ஐயா. வீடு கட்டறதுக்கு முன்னாடி பிளான் போடுவோம் இல்லைங்களா, அது மாதிரி. இது பிளான். அப்புறம் கமாண்ட் குடுத்தா நிஜ வீடு எழும்பிடும்."

எவ்வளவு அழகாக விளக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு!

அவர் தாளைத் திருப்பினார். இன்னொரு தரம் திருப்பினார்.

"வடக்கு எதும்மா?"

"வடக்கு... இல்லைங்க ஐயா."

"வடக்கு இல்லாம பிளானா? நெலத்தைக் கொண்டாந்து அக்கினி மூலையில வெச்சிக்கிறியே. வெளங்குமா?"

"இது தாள்ல மட்டுந்தாங்க ஐயா இப்படி. கம்ப்யூட்டர்ல டிஸ்க்குக்குள்ள போயிடும்."

"டிஸ்க்கு எப்பிடி இருக்கும்?"

"வட்டமா இருக்குங்க."

"வட்டத்துக்கு ஏது மூலை?" தாளை என் பக்கமே தள்ளினார். "அப்ப பேப்பர்லயாவது ஒழுங்கா இருக்கட்டும். மாத்து."

நான்கு தரம் வரைந்தேன். உறுப்பினர் ஈசானியத்துக்குப் போனார். நிலம் கன்னி மூலைக்குப் போனது. விதை வாயு மூலைக்கு. "தானியம் அங்கதாம்மா இருக்கணும்." கோடுகளெல்லாம் இடியாப்பமாகிவிட்டன. பக்கத்தில் நின்ற எங்கள் மேனேஜர் சாரைப் பாவமாகப் பார்த்தேன். அவர் காதோடு சொன்னார்.

"மாத்திக் குடுத்துரும்மா. போன வருசம் ஜெராக்ஸ் மெஷினைத் தெக்க பாத்து வெச்சிட்டேன். ஒரு வாரம் ஒருத்தரையும் ஜெராக்ஸ் எடுக்க வுடல."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். வீடு என்று சொல்லிவிட்டேன் அல்லவா! வீடு என்றால் பூமி பூஜை வேண்டாமா?

தேதி குறித்துவிட்டார். புதன்கிழமை, ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள். இடம் வெள்ளிமலை. முதல் கட்டளையைத் தலைவர் ஐயாவே தன் கையால் கொடுப்பார். டேட்டாபேஸ் உருவாகும். உடனே அதிலிருந்து பெயர்ப் பட்டியல் பிரிண்ட் ஆகும். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவரும் வந்து சாமை விதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். மேனேஜர் சாரிடம் கேட்டேன். "சார், அப்பதான் பொறந்த டேட்டாபேஸ் காலியாத்தானே இருக்கும்? அதுலேருந்து எப்படி சார் பேர் வரும்?"

"அதெல்லாம் நீ பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லேப்டாப் வீட்டில்தான் இருந்தது. சாயங்காலம் பட்டு தூங்கினாள். ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'கிரியேட் டேட்டாபேஸ் விதை' என்று அடித்தேன். உருவாகிவிட்டது. அடுத்த கட்டளைகளில் மூன்று கட்டமும் உருவாகிவிட்டன. ஒரு எரர்கூட வரவில்லை. எனக்கா, எரர் வராமலா! அந்தச் சந்தோஷத்தில், வாரக்கணக்காக நோட்டிலிருந்து அடித்து வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பெயரையும் உள்ளே ஏற்றிவிட்டேன். பட்டு எழுந்திருப்பதற்குள் எல்லாம் தயார். பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்மை முந்தின நாளே இஸ்திரி போட்டு வைத்துவிட்டுத் தூங்கப் போன மாதிரி ஒரு நிம்மதி.

புதன்கிழமை தலைவர் ஐயா ஏதாவது ஒரு சாதுவான கட்டளைக்கு என்டர் தட்டட்டும். கை தட்டுவோம். யாருக்குத் தெரியப்போகிறது?

அதே ஞாயிற்றுக்கிழமை மலையில் நல்ல மழையும் பெய்திருந்தது. "ஈரம் காயறதுக்குள்ள வெதைக்கணும், புதன்கெழம வெத கட்டாயம் குடுத்துருவீங்களா?" என்று ஆபீஸுக்குப் போனுக்கு மேல் போன். கட்டாயம் கொடுப்போம் என்று நான்தான் சொன்னேன், அத்தனை பேருக்கும்.

புதன்கிழமை காலை என் மாமியார் திருநாவலூரில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிவிட்டார். பட்டுவும் என்னோடு ஜீப்பில் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் சிரித்தாள். அவள் அப்பா வீட்டுச் சாயல்.

வெள்ளிமலையில் ஹாலுக்குள் நுழைந்ததும்தான் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தேன்.

ஒரு பக்கம் தலைவர் ஐயா கை கூப்பிக்கொண்டு சிரிக்கிறார். மறுபக்கம் என்னுடைய மூன்று கட்டம், ஆள் உயரத்துக்கு. கீழே பெரிய இங்கிலீஷ் எழுத்தில், நான் ஞாயிற்றுக்கிழமை அடித்த அதே கட்டளை. கிரியேட் டேட்டாபேஸ் விதை.

பட்டுவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

முன்வரிசையில் அலமேலு அக்கா சாக்கோடு உட்கார்ந்திருந்தார். மேல்மலையில் இரண்டு ஏக்கர் சாமை போடுகிறவர். விடியற்காலையிலேயே நடந்து வந்துவிட்டாராம். ஃபிளெக்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இத்த எங்க கட்டப்போறீங்க?"

"இது கம்ப்யூட்டருக்குள்ளங்கக்கா."

"மூணு ரூம்பு போட்டுக்கிறீங்க. வாசலயே காணமே?"

பக்கத்திலிருந்தவர் சொன்னார். "சமையக்கட்டும்தான் இல்ல. இலவச வூடுன்னா அப்பிடித்தான் இருக்கும். வுடு."

தலைவர் ஐயா ஒன்பது இருபதுக்கு வந்தார். பொன்னாடை. பேச்சு. கற்பூரம். லேப்டாப்புக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். லேப்டாப் படகு மாதிரி ஆடியது. மேனேஜர் சார் பக்தியோடு என்டர் பட்டனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். எதிர்ச் சுவரில் புரொஜெக்டரில் கறுப்புத் திரை. நான் பட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"ஐயா, நான் எல்லாம் ரெடி பண்ணிட்டேங்க. நீங்க என்டர் மட்டும் தட்டுங்க."

"அதெப்பிடிம்மா? தாலிய நீயே கட்டிப்புட்டு, அட்சதை மட்டும் என்னைப் போடச் சொல்றியா? அதோ ஃபிளெக்ஸ்ல போட்டுக்குதே, அதப் பாத்து நானே அடிக்கிறேன்."

"ஐயா, அது..."

"நீ நவுரு."

நகர்ந்தேன்.

ஒற்றை விரலால் அடித்தார். "சி எங்கம்மா?" "கீழ வரிசைங்க ஐயா." "ஆர்?" "மேலங்க." "இதுங்க ஏம்மா பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்த வரிசைல இல்ல?" மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. அடித்து முடித்து, குங்குமத்தின் மேல் விரலை வைத்து, கண்ணை மூடி, என்டர் தட்டினார்.

ஒன்றும் ஆகவில்லை. கர்சர் அடுத்த வரியில் போய் நின்றுகொண்டு கண் சிமிட்டியது.

கட்டளை முடிந்தது என்று சொல்ல கடைசியில் ஒரு செமிகோலன் வைக்க வேண்டும். ஃபிளெக்ஸில் அது இல்லை! ஏதோ கறை என்று நினைத்து, ஃபிளெக்ஸ் கடைக்காரர் துடைத்துவிட்டிருந்தார்.

"ஐயா, கடைசியில ஒரு புள்ளி வரணுங்க. ஃபிளெக்ஸ் கடையில எடுத்துட்டாங்க போல."

தலைவர் ஐயா திரும்பி ஃபிளெக்ஸை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார்.

"அடப்பாவி! என் மொகத்துல இருந்த மச்சத்தையும் எடுத்துட்டானே!"

கூட்டம் எழுந்து பார்த்தது. ஆமாம், மச்சம் இல்லை. அது ராசியான மச்சமாம். அதற்கு இரண்டு நிமிடம் போனது.

செமிகோலனை வைத்தார். என்டர் தட்டினார்.

சுவரில் பளிச்சென்று வந்தது. எரர். இந்தப் பெயரில் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருக்கிறது.

ஹாலே சுவரைப் பார்த்தது. மற்றது புரியாவிட்டாலும் எரர் என்ற வார்த்தை எல்லாருக்கும் புரியும்.

"இன்னாம்மா, எரருன்னு வருது?"

பின்னாலிருந்து ஒரு குரல். "நல்ல காரியத்துல இப்பிடியா வரும்?"

உண்மை ரொம்பச் சின்னது. 'ஐயா, ஞாயிற்றுக்கிழமையே நான் உருவாக்கிட்டேங்க.' சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. கீழே வரிசையாக ராகு காலம். ஞாயிறு, நாலரையிலிருந்து ஆறு.

பட்டு ஞாயிற்றுக்கிழமை தூங்கியது நாலரைக்கு. எழுந்தது ஆறுக்கு.

வாயை மூடிக்கொண்டேன்.

பழைய டேட்டாபேஸை அழித்துவிட ஒரு கட்டளை போதும். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு பெயரும் அதோடு போய்விடும். பெயர் அடித்து வைத்த கோப்பு பென் டிரைவில், பென் டிரைவ் கள்ளக்குறிச்சி ஆபீஸில் என் மேஜைமேல். இவர்கள் வெறும் சாக்கோடு வீட்டுக்குப் போவார்கள். நானும் போவேன், நிரந்தரமாக.

இன்னொரு வழி, பழையதற்குப் பெயரை மாற்றிவிடுவது. அதுவும் ஒரு வரிதான். ஆனால் சுவரில் இருநூறு பேர் பார்க்கிறார்களே?

பட்டுவின் எச்சில் துண்டு என் தோளில் கிடந்தது. எடுத்து புரொஜெக்டர் கண்ணில் போட்டேன். சுவர் இருண்டது.

"கரண்டு போச்சா?"

"புரொஜெக்டர் சூடாயிடுச்சுங்க ஐயா. ஒரு நிமிஷம் ஆறட்டும்."

பொய் சொன்னால் நாக்கில் கறுப்புப் புள்ளி விழும் என்று இரண்டாம் வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். விழுந்தால் விழட்டும், அப்புறம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். பெயரை மாற்று என்று அடித்தேன். என்ன பெயர்? மூளையில் ஒன்றுமே இல்லை! இடுப்பிலிருந்தவள் என் தோட்டைப் பிடித்து இழுத்தாள். 'பட்டு' என்று அடித்தேன். என்டர்.

எரர். வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள், இப்போது மாற்ற முடியாது.

யார்? மேனேஜர் சார்தான்! பிரிண்டர் அவர் லேப்டாப்பில். அதிலிருந்து என் லேப்டாப்புக்கு ஒரு வயர். பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க சார்" என்றேன் மெதுவாக.

அவர் எழுந்து ஹாலை விட்டு வெளியே போய்விட்டார்.

வாசல்வரை ஓடினேன். "நீங்க இல்ல சார்! லிஸ்டை மூடுங்க சார்!" திரும்பி வந்து மூடினார். "இன்னாம்மா நடக்குது?" என்று கண்ணாலேயே கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பெயர் மாறியது. துண்டை எடுத்தேன். மணி பத்து ஒன்பது.

"ஐயா, இப்ப அடிங்க. வந்துரும்."

"மொதல்லேருந்தா? ஆறு நிமிசந்தாம்மா இருக்குது!"

அப்போது அலமேலு அக்காவின் பேத்தி, நாலாவது படிக்கிறவள், ஃபிளெக்ஸைப் பார்த்து "சி!" என்று கத்தினாள். அதற்குள் இன்னும் நாலு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். "ஆர்! ஈ! ஏ!" பிறகு ஹாலே கத்தியது. தலைவர் ஐயாவின் விரல் பறந்தது. கடைசியில் நான் "புள்ளிங்க ஐயா!" என்று கத்தினேன். பத்து பதினாலுக்கு என்டர்.

உருவாகிவிட்டது என்று ஒரு வரி, சத்தமில்லாமல் வந்தது. தேங்காய் உடைந்தது. கைதட்டல். தலைவர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிச்சக் கட்டளைகளை நான் கொடுத்தேன். மூன்று கட்டமும் எழும்பின. உள்ளே ஒரு பெயர் கிடையாது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே நிமிடம். பட்டியல் எடுக்கிற புரோகிராமில் 'விதை' என்று இருப்பதை 'பட்டு' என்று மாற்ற வேண்டும். அந்த நிமிடத்தை மேனேஜர் சார் எனக்குக் கொடுக்கவில்லை. சந்தோஷத்தில் பிரிண்ட் அழுத்திவிட்டார். தாள் வந்தது. தலைவர் ஐயா கண்ணாடி போட்டுக்கொண்டு மைக்கில் படித்தார்.

"நமது சங்கத்தின் மொத்த உறுப்பினர்கள்..." நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "சைபர்."

"அப்ப நாங்க யாரு?" என்றார் ஒருவர்.

"சாக்க வெச்சிகினு காலையிலேருந்து குந்திகினு இருக்கறோம். நாங்க இன்னா பேயா பிசாசா?" என்றார் அலமேலு அக்கா.

"ஒரு நிமிஷம்! ஒரே நிமிஷம்!" புரோகிராமில் பெயரை மாற்றினேன். பிரிண்ட். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

தலைவர் ஐயா புதுத் தாளை எடுத்தார். "மேல ஏதோ போட்டுக்குதே." அது டேட்டாபேஸின் பெயர். எந்த டேட்டாபேஸிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு தாளிலும் அச்சாகட்டும் என்று வைத்தது இந்தப் புத்திசாலிதான். அவர் மைக்கில் கேட்டார்.

"யாரும்மா பட்டு?"

ஸ்பீக்கரில் தன் பெயரைக் கேட்டதும் என் மகள் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு கீச்சென்று கத்தினாள். இருநூறு பேரும் என் இடுப்பைப் பார்த்தார்கள்.

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. ஒப்பித்துவிட்டேன். "ஐயா, தப்பு பண்ணிட்டேங்க. ஞாயித்துக்கிழமையே ஒத்திகை பாக்கப் போயி உருவாக்கிட்டேங்க. பேரெல்லாம் அதுலதாங்க இருக்கு. இப்ப நீங்க பண்ணது புதுசு, அது காலிங்க."

"ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு?"

"நாலரைக்குங்க. பாப்பா அப்பதாங்க தூங்குவா."

அவர் காலண்டர் தாளை எடுக்கவே இல்லை. மனப்பாடமாகத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிச்சது?"

"ஆறுக்குங்க."

"முழு ராவு காலம்மா! ஒரு நிமிசம் முன்ன பின்ன இல்லாம, அளந்து எடுத்த மாதிரி!" மைக்கை எடுத்தார். "யாரும் தப்பா நெனைக்காதீங்க. இந்த லிஸ்ட்டுல வெத குடுக்க வேணாம். புதுசுல பேரு ஏத்திட்டு, நல்ல நேரம் பாத்து வெள்ளிக்கெழம குடுத்துரலாம்."

ஹாலில் ஒரு முனகல் கிளம்பியது. இவர்களுக்கு இன்று கொடுப்போம் என்று போனில் சொன்னது நான். மேல்மலையிலிருந்து நடந்து வந்தவர்கள் திரும்ப நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஈரம் போய்விடும்.

"ஐயா, அதுவரைக்கும் ஈரம் நிக்காதுங்க" என்றது ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்!

"நீ சும்மா இரும்மா. பண்ண வரைக்கும் போதும்."

சும்மா இருந்தேன். கை நீண்டுவிட்டதா என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

அலமேலு அக்கா சாக்கை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, மழ என்னிக்குப் பேஞ்சுது?"

"ஞாயித்துக்கெழம."

"எத்தினி மணிக்கு?"

"சாயங்காலம்னாங்க."

"நாலரைக்குப் புடிச்சுது. ஆறுக்கு வுட்டுச்சு. எங்க வூட்டு ஓடு ஒழுவுது, நாந்தான் சட்டிய மாத்தி மாத்தி வெச்சிகினு இருந்தேன். அதுவும் ராவு காலந்தான். அந்த ஈரம் ஆவாதுன்னா சொல்லுங்க, நாங்க போயிடறோம். வெள்ளிக்கெழம நல்ல நேரத்துல வெதையோட ஈரத்தயும் சேத்துக் கொண்டாந்து குடுங்க."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பின்வரிசை. பிறகு மேனேஜர் சார், வாயை மூடிக்கொண்டு. தலைவர் ஐயா மீசையைத் தடவினார். பட்டியலைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மண்ணைப் பார்த்தார். விவசாயிதானே அவரும்.

"மழையும் ராவு காலத்துது, லிஸ்ட்டும் ராவு காலத்துது" என்றார் கடைசியில். "பொருத்தம் சரியாத்தான் இருக்குது. குடுங்க."

ஒரு மணி பஸ்ஸுக்குள் கொடுத்து முடித்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவர் விடாமல். அலமேலு அக்கா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பட்டுவின் கன்னத்தைக் கிள்ளினார்.

"ஒன் பேரப் போட்ட சீட்டுல வாங்கிகினு போறேன். வெளையலன்னு வையி, வந்து ஒன்னத்தான் கேப்பேன்."

என் பயங்களின் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது தலைவர் ஐயாவும் எங்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டார். மூன்றாவது வளைவில், கண்ணை மூடிக்கொண்டே, கேட்டுவிட்டேன்.

"ஐயா, ரெண்டையும் ஒண்ணாக்கிடட்டுங்களா? பட்டுல இருக்கிற பேரை விதைக்குள்ள காப்பி பண்ணிடலாங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்."

"தொடாத! அது நல்ல நேரத்துல பொறந்தது. ராவு காலத்துப் பேரு ஒண்ணுகூட அதுக்குள்ள போவக்கூடாது."

"அப்ப அதை என்னங்க ஐயா செய்யறது?"

"இருக்கட்டும். வேலைக்கு இது, விசேசத்துக்கு அது. தெனம் காலையில தொறந்து, நல்லா இருக்குதான்னு ஒரு பார்வ பாத்துட்டு மூடு."

"அப்ப... நாளைக்கும் நான் வரணுங்களா?"

"நீ வராம வேற யாரு வந்து பாக்கிறது?"

கண்ணைத் திறந்தேன். மீதி வளைவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உண்மையிலேயே பயங்கரமாகத்தான் இருக்கின்றன.

அன்றிலிருந்து தினமும் காலையில் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். நல்ல நேரத்தில் பிறந்தது வீண் போகவில்லை. இன்றுவரை அதில் ஒரு தப்பு இல்லை, ஒரு பெயரும் இல்லை.